கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சமையலறை: ரூம் பாக்ஸ் கட்டுவதும் வயரிங் செய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஃப்ரேம் கட்டும் கடை. சாமி படம், கல்யாண போட்டோ, மாலை போட்ட தாத்தா படம், இதில்தான் பிழைப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ராயபுரத்தில் எங்கள் ஆயா குடியிருந்த ஒட்டுக்குடித்தனத்தின் சமையலறை அதற்குள் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் டியூப்லைட் எரியும், ஜன்னலில் சாயங்கால வெயில் அடிக்கும். படம் வாங்க வந்தவர்கள் படத்தை மறந்துவிட்டு இதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ரூம் பாக்ஸ் என்றால் என்ன? டால் ஹவுஸும் அதுவும் ஒன்றுதானே?

டால் ஹவுஸ் என்பது முழு வீடு. மாடி, படி, பல அறைகள் எல்லாம் இருக்கும். ரூம் பாக்ஸ் ஒரே ஓர் அறை. மூன்று பக்கமும் சுவர், முன்னால் கண்ணாடி. நாடக மேடை மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும். அதனால் கட்டுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு: சுவருக்குப் பின்னாலும் கூரைக்கு மேலேயும் என்ன குப்பை கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. வயர் எல்லாம் அங்கேதான் போகும்.

எந்த அளவில் கட்டுவது?

1:12. நிஜத்தில் ஓர் அடி, பெட்டியில் ஓர் அங்குலம். உலகத்தில் பெரும்பாலான மினியேச்சர்காரர்கள் இந்த அளவில்தான் வேலை செய்கிறார்கள். இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டையில் இருக்கும் மேரி அரசியின் பொம்மை வீடு 1921 முதல் 1924 வரை கட்டப்பட்டது. மின்விளக்கும் குழாயில் தண்ணீரும் வரும் அந்த வீடும் 1:12தான். 1:24, 1:48 என்று இன்னும் சின்ன அளவுகளும் உண்டு. முதல் பெட்டியிலேயே அதற்குப் போகாதீர்கள், கண் போய்விடும்.

நமக்கு 1:12 இன்னொரு விதத்திலும் வசதி. அடிக் கணக்கில்தானே வீடு பேசுகிறோம்! பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் பெட்டியிலும் பத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். ஏழடிக் கதவு ஏழு அங்குலம். சமையல் மேடை 33 அங்குல உயரம் என்றால் பெட்டியில் இரண்டே முக்கால். கால்குலேட்டரே வேண்டாம்.

சொப்பு சாமான், கொலு பொம்மை எல்லாம் உள்ளே வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் முதலில் அளந்து பாருங்கள். கொசப்பேட்டையில் வாங்கும் மண் பொம்மைகள் ஒரு செட்டுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. மாப்பிள்ளை ஏழு அங்குலம், பக்கத்தில் நாதஸ்வரக்காரர் நாலு அங்குலம். கொலுப்படியில் அது கண்ணை உறுத்தாது, ரூம் பாக்ஸில் உறுத்தும்.

நான் வைத்திருக்கும் சோதனை குடம்தான். தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய ஓர் அடி உயரம். அப்படியென்றால் பெட்டிக்குள் குடம் ஓர் அங்குலம் இருக்க வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் சொப்புக் குடம் இரண்டு அங்குலம் என்றால், அது நிஜத்தில் இரண்டடிக் குடம். அதை இடுப்பில் தூக்கி வைக்கிற பெண்பிள்ளை எவ்வளவு உயரம் இருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த மாதிரி அறையைத் தேர்ந்தெடுப்பது?

நெட்டில் பார்க்கும் வெளிநாட்டு நூலகம், பூச்செடிக் கடை எல்லாம் அழகுதான். ஆனால் உங்களுக்குத் தெரிந்த அறையைக் கட்டினால்தான் சின்ன விஷயங்கள் தானாக வரும். கேலண்டர் எந்த ஆணியில் தொங்கும், கரண்டிக் கம்பி எங்கே, அடுப்புக்கு மேல் சுவர் எவ்வளவு தூரம் கறுத்திருக்கும். இவையெல்லாம் புகைப்படத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிற விஷயங்கள் இல்லை. ஆயா வீட்டில் குடங்கள் நிற்கும் இடத்தில் தரையில் வட்ட வட்டமாகத் தடம் இருக்கும். அதைப் போட்ட பிறகுதான் என் பெட்டி வீடு மாதிரித் தெரிந்தது.

சரி, முதலில் எதிலிருந்து ஆரம்பிப்பது? பலகை வெட்டுவதா, தரை போடுவதா?

இரண்டும் இல்லை. விளக்கு எங்கே, அதன் வயர் எந்த வழியாக வெளியே போகும், அது பியூஸ் போனால் எந்தப் பக்கத்திலிருந்து கையை விடுவீர்கள்? இந்த மூன்றையும் ஒரு தாளில் வரைந்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட வேண்டும்.

என் முதல் பெட்டியில் வயரைச் சுவரில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு அட்டைச் சுவரை ஃபெவிகால் போட்டு ஒட்டி, அதன்மேல் டிஸ்டெம்பரும் அடித்துவிட்டேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. எட்டாவது மாதம் ஜன்னல் பக்கத்து விளக்கு அணைந்தது. எங்கே விட்டுப்போனது என்று பார்க்க வழியே இல்லை. கடைசியில் உளியை வைத்துச் சுவரைப் பெயர்த்தேன். சுவரோடு சாமி மாடமும் போயிற்று. அந்த மாடத்துக்கு மட்டும் நாலு ஞாயிற்றுக்கிழமை உழைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் கட்டுகிற எந்தப் பெட்டியிலும் பின்பலகையை ஒட்டுவதில்லை, ஸ்க்ரூதான். கூரையையும் தூக்கி எடுக்கலாம். கெட்டுப்போகக்கூடிய எதற்கும் கை போகிற வழி இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பெட்டிக்கு எம்டிஎஃப் நல்லதா, பிளைவுட் நல்லதா?

எம்டிஎஃப் என்பது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. வெட்டுவதற்கு அது சுகம். ஓரம் பிசிறாது, பெயின்ட் வழவழவென்று ஏறும். ஆனால் தண்ணீர் பட்டால் பொறை பிஸ்கெட் மாதிரி ஊறிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கடைக்குள் முழங்கால் அளவு வந்தது. கீழ்த்தட்டில் இருந்த இரண்டு எம்டிஎஃப் பெட்டிகளும் ஓரமெல்லாம் உப்பி, மூலை பிளந்து போயின. பக்கத்தில் இருந்த பிளைவுட் பெட்டியைத் துடைத்துக் காயவைத்தேன், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே இப்போது வெளிப்பெட்டிக்கு 9 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம். உள்ளே அறையின் சுவர்களுக்கு 3 அல்லது 4 மி.மீ. எம்டிஎஃப், வெட்டிய ஓரத்தில் இரண்டு கை பிரைமர். ஸ்கூல் புராஜெக்டுக்கு என்றால் சன்போர்டு என்கிற லேசான ஃபோம் பலகை போதும், கத்தியாலேயே வெட்டிவிடலாம்.

வெளிப்பெட்டி, உள்ளறை என்று இரண்டு எதற்கு?

நடுவில் இருக்கும் இடைவெளிக்காகத்தான். கல்லாவில் இருக்கும் பெட்டியின் அளவைச் சொல்கிறேன். அறை உள்ளளவு: அகலம் 12 அங்குலம், உயரம் 10, ஆழம் 9. நிஜ அறை பத்தடி ஆழம். ஓர் அடியைக் குறைத்ததை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த அறை ஒரு டிராயர் மாதிரி வெளிப்பெட்டிக்குள் நுழைகிறது. அறைக்கு மேலே 2 அங்குலம் காலி: ஃபேன் மோட்டாரும் முன்பக்க விளக்கும் அங்கே. பின்னால் 2 அங்குலம் காலி: ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சியும், வயர் எல்லாம் வந்து சேரும் கட்டையும் அங்கே. பக்கவாட்டில் அரை அங்குலம் விட்டால் போதும்.

முன்பக்கம் என் தொழில். படத்துக்குக் கட்டுவது போலவே நாலு மூலையும் 45 டிகிரி வெட்டிய ஃப்ரேம். மேல் சட்டம் மட்டும் அகலமாக, இரண்டு அங்குலத்துக்கு இருக்கட்டும். அதன் பின்னால் ஒரு வரிசை எல்இடியை உள்நோக்கிச் சாய்த்து ஒட்டினால் அறை முழுக்க வெளிச்சம் பரவும், விளக்கு கண்ணில் படாது. சட்டத்தின் உட்பக்கத்துக்குக் கறுப்பு மேட் பெயின்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் அந்த எல்இடி வரிசை பிரதிபலித்து மானத்தை வாங்கும்.

பழைய வீட்டுத் தரையும் கூரையும் எப்படி வரும்?

சிவப்புத் தரைதான் சுலபம். எம்டிஎஃப்பை 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு நிறத்தில் இரண்டு கை பெயின்ட் அடித்து, காய்ந்ததும் தரைக்குப் போடும் சிவப்பு மெழுகு பாலிஷைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். நடு அறையில் நன்றாகத் தேயுங்கள், மூலைகளில் விட்டுவிடுங்கள். நிஜ வீட்டில் கால் படும் இடம்தானே பளபளக்கும்.

கூரைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வடசென்னையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் கனம் குறைந்த சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, கோணலாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டுப் பூசியது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் கட்டைகளுக்கு நடுவில் செங்கலின் ஒல்லியான விளிம்புகள் சாய்வாக ஓடும். அந்த விளிம்பு நிஜத்தில் ஓர் அங்குலம், நம் கணக்கில் 2 மி.மீ. தடித்த சார்ட் அட்டையை 2 மி.மீ. அகலமும் 12 மி.மீ. நீளமுமாக நறுக்கி, 45 டிகிரி சாய்வில் ஒட்டி, மேலே சுண்ணாம்பு நிறம் பூசினால் வந்துவிடும். என் கூரைக்கு எத்தனை துண்டு என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பாதியில் விட்டிருப்பேன்.

வீட்டுக் கரண்டையே நேராக உள்ளே கொண்டுபோகலாமா?

கூடவே கூடாது. 230 வோல்ட் சுவரில் இருக்கும் பிளக்கோடு நிற்கட்டும். 12 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் ஒன்று வாங்குங்கள், மேலே பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டதாகப் பார்த்து. பெட்டிக்குள் வருவது அந்த 12 வோல்ட் மட்டும்தான். பெட்டியின் பின்பலகையில் ஒரு டிசி ஜாக், அதற்கு அடுத்து அரை ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ், அதற்கு அடுத்து சுவிட்ச். அறைக்குள் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனாலும் ஃப்யூஸ் போவதோடு முடியும்.

கொலுவுக்கோ கிறிஸ்துமஸ் குடிலுக்கோ வாங்கும் சீரியல் செட்டை வெட்டி உள்ளே போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் பல செட்டுகள் நேரடியாக 230 வோல்டில் ஓடுபவை. இரண்டு பல்பை வெட்டி எடுத்துவிட்டால் மீதி பல்புகளின் தலையில் கூடுதல் வோல்டேஜ் விழும். அட்டையும் துணியும் ஒட்டிய பெட்டிக்குள் அந்த விளையாட்டு எதற்கு?

பழைய குட்டி பல்பு நல்லதா, எல்இடியா?

கோதுமை மணி அளவில் 12 வோல்ட் இழை பல்புகள் முன்பு ரொம்பப் புழக்கத்தில் இருந்தன. வெளிச்சம் மஞ்சளாக, மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் சூடு. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற அம்மையார் 1940களில், கொலை விசாரணைப் பயிற்சிக்காக 1:12 அளவில் குட்டி அறைகளைக் கட்டினார். 2017இல் வாஷிங்டனில் அவை காட்சிக்கு வந்தபோது பழைய இழை பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டார்கள். மூடிய பெட்டிக்குள் வருடக்கணக்கில் சூடு ஏறினால் துணியும் பேப்பரும் நிறம் மங்கும், பசை விடும்.

எல்இடி வாங்கும்போது ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டு வாங்குங்கள், 2700 முதல் 3000 கெல்வின். இன்னொரு வேடிக்கை பாருங்கள்: 5 மி.மீ. எல்இடியை 12ஆல் பெருக்கினால் 60 மி.மீ., நாம் வீட்டில் போடும் குண்டு பல்பின் அகலம். 3 மி.மீ. எல்இடி 36 மி.மீ., ஏறக்குறைய சாமி படத்துக்கு முன்னால் எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு. நமக்காகவே அளவெடுத்துச் செய்த மாதிரி.

ரெசிஸ்டர் கணக்கு புரியவே மாட்டேன் என்கிறதே?

அடுப்பை வைத்துப் பார்ப்போம். திரி ஸ்டவ்வுக்குள் ஒரு நீல எல்இடி. வெள்ளையும் நீலமும் தமக்கு ஏறக்குறைய 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். அடாப்டர் தருவது 12. மீதி 9 வோல்டை யாராவது தாங்க வேண்டும், அந்த ஆள்தான் ரெசிஸ்டர். எல்இடியின் வழியே 20 மில்லிஆம்பியர் வரை போகலாம், ஆனால் குட்டி அறைக்கு 9 அல்லது 10 தாராளம். 9 வோல்டை 0.009 ஆம்பியரால் வகுத்தால் 1,000 ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டை போட்ட ரெசிஸ்டர். அதில் வீணாகும் சக்தி 0.08 வாட், ஆகவே கால் வாட் ரகமே போதும்.

சிவப்பு எல்இடி 2 வோல்ட்தான் எடுக்கும். அதற்கும் அதே 1,000 ஓம் போட்டால் 10 மில்லிஆம்பியர் வரும். கணக்கே பிடிக்காது என்பவர்கள் 1,000 ஓமில் ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டு, ஒவ்வொரு எல்இடிக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று வெள்ளை எல்இடியை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கோர்த்தால் 9 வோல்ட் அங்கேயே போய்விடும், மீதி 3. அதற்கு 330 ஓம்: ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. மூன்றையும் பக்கம் பக்கமாக இணைத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவதுதான் செய்யக்கூடாதது. எந்த எல்இடிக்குக் கொஞ்சம் குறைந்த வோல்ட் போதுமோ அது கரண்டை அதிகமாக இழுத்து முதலில் சாகும். அப்புறம் அடுத்தது.

நீளமான கால் பிளஸ். காலை வெட்டிவிட்டால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ்.

வயரை எங்கே ஒளிப்பது? காப்பர் டேப் ஒட்டினால் வேலை சுலபம் என்கிறார்களே?

விளக்குக்கு நேர் பின்னால் சுவரில் 1 மி.மீ. ஓட்டை, வயர் அப்படியே சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். அறைக்குள் ஓடும் நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உள்ளே தெரிந்துதான் ஆக வேண்டும் என்றால் கவலையே வேண்டாம். பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் வயர் ஓடி, அதைத் தகர கிளிப்பால் பிடித்திருப்பார்கள். 1 மி.மீ. மூங்கில் குச்சியைச் சுவரில் ஒட்டி அதன்மேல் வயரை விட்டால் அதுவே அலங்காரம்.

வயருக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் 36 கேஜ் எனாமல் வயர் கேளுங்கள். ஏறக்குறைய 0.2 மி.மீ. தடிப்பு, தலைமுடி மாதிரி மறைந்துவிடும். சுவருக்குப் பின்னால் வந்ததும் சாதாரண சிவப்பு, கறுப்பு ஹூக்கப் வயருக்கு மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஜோடியும் பின்னால் இருக்கும் கனெக்டர் கட்டைக்குத் தனித்தனியாக வந்து ஸ்க்ரூவில் முடியட்டும். பக்கத்தில் ஒரு துண்டு பேப்பரில் ‘அடுப்பு’, ‘ஜன்னல்’, ‘சாமி’ என்று எழுதி ஒட்டுங்கள். எழுதும்போது இதெல்லாம் ஞாபகம் இருக்கும் என்றுதான் தோன்றும். இருக்காது.

காப்பர் டேப் என்பது பசை தடவிய மெல்லிய செம்புப் பட்டை, வயருக்குப் பதிலாக வெளிநாட்டு டால் ஹவுஸ்காரர்கள் ரொம்ப நாளாகப் பயன்படுத்துவது. காய்ந்த ஊரில் நன்றாகவே வேலை செய்யும். டேப்பின் மேல் டேப்பை ஒட்டினால் மட்டும் கரண்ட் போகும் என்று நம்பாதீர்கள், நடுவில் இருக்கும் பசை தடுக்கும். ஒவ்வொரு மூலையிலும் சால்டர் (ஈயப் பற்று) வைக்க வேண்டும்.

எனக்கு சால்டரிங் வராது. என்ன செய்வது?

பத்துத் துண்டு வயரை வீணாக்குங்கள், வந்துவிடும். 25 வாட் அயர்ன், 60/40 ஈயம், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் கொஞ்சம். ஈயத்தை அயர்னில் உருக்கி வயரின் தலையில் தடவப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அயர்னை வயரோடு சேர்த்து வைத்து, வயர் சூடானதும் ஈயத்தை வயரில் தொட வேண்டும். தானாக ஓடிப் பிடித்துக்கொள்ளும். பளபளவென்று இருந்தால் நல்ல ஜாயின்ட், மங்கலாக உருண்டை பிடித்திருந்தால் மறுபடி சூடு காட்டுங்கள்.

காயில் கடை வயரின் மேல் இருக்கும், கரண்டைத் தடுக்கும் எனாமல் பூச்சு சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. முனையை மடித்த உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து இழுங்கள், செம்பு நிறம் பிரகாசமாகத் தெரியும் வரை. எரியாத விளக்குகளில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் எரியாமல் இருக்கின்றன. ஜாயின்டின் மேல், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட மறக்காதீர்கள். ஈயம் தொட்ட கையோடு முறுக்கு சாப்பிடாதீர்கள்.

டியூப்லைட் எப்படிச் செய்தீர்கள்?

கல்லாவுக்கு வருபவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பழைய குண்டு டியூப்லைட் நாலடி நீளம், 38 மி.மீ. தடிப்பு. 12ஆல் வகுத்தால் நாலு அங்குல நீளமும் 3 மி.மீ. தடிப்பும். அது பால்பாயின்ட் பேனா ரீஃபிலின் தடிப்பு!

மை தீர்ந்த ரீஃபிலை நாலு அங்குலத்துக்கு வெட்டி, ஸ்பிரிட்டில் கழுவி, நீளவாக்கில் பிளேடால் பிளந்துகொள்ளுங்கள். நாலரை அங்குல மரப்பட்டி ஒன்றுக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் 0603 என்ற குட்டி ரக எல்இடி ஆறு. அவை 1.6 மி.மீ.க்கு 0.8 மி.மீ., மூச்சு விட்டால் பறந்துவிடும். எனாமல் வயர் முன்பே பற்றவைத்து விற்பதை வாங்குங்கள், கண்ணுக்கு நல்லது. மூன்று மூன்றாக இரண்டு வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு 330 ஓம். மேலே அந்த ரீஃபில் பாதியைக் கவிழ்த்து ஒட்டினால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக இல்லாமல் பட்டையாக வரும். போதவில்லை என்றால் உட்பக்கம் ஒரு துண்டு பட்டர் பேப்பர். இதற்கு மட்டும் வார்ம் ஒயிட் வேண்டாம், வெளிறிய கூல் ஒயிட் போடுங்கள். இரண்டு முனையிலும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் லேசாக வளையம் போட்டேன். பழைய டியூப் முனை கறுத்திருக்குமே, அதற்காக. அதைப் பார்த்துச் சிரிக்காத ஐம்பது வயசுக்காரர் கிடையாது.

ஃபேன் சுற்றுமா?

சுற்றும். 48 அங்குல ஃபேன் பெட்டியில் 4 அங்குலம். தகர இறக்கை கனம், பிளாஸ்டிக் ஃபைலில் வெட்டுங்கள். மோட்டார் கூரைக்கு மேலே, தண்டு மட்டும் ஓட்டை வழியாகக் கீழே. கியர் வைத்த குட்டி 12 வோல்ட் மோட்டாரில் நிமிஷத்துக்கு 100 சுற்று ரகம் கேளுங்கள். நிஜ ஃபேன் மூன்று மடங்குக்கு மேல் வேகம்தான், ஆனால் அந்த வேகத்தில் குட்டி ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரித் தெரிகிறது. மோட்டாரை நேராகப் பலகையில் ஸ்க்ரூ செய்தால் பெட்டி முழுக்க வண்டு ரீங்காரம் போடும். நடுவில் சைக்கிள் டியூப் ரப்பர் ஒரு துண்டு வையுங்கள்.

குத்துவிளக்குச் சுடர் ஆடுகிற மாதிரி செய்ய முடியுமா?

காசி செட்டி தெருவில் கிடைக்கும் பேட்டரி அகல் விளக்கை உடைத்தால் உள்ளே இருக்கும் எல்இடி தானாகவே ஆடும், ஆட்டும் சில்லு அதற்குள்ளேயே இருக்கிறது. அது 3 வோல்ட் பட்டன் செல்லில் ஓடுவது, அதனால் 12 வோல்டில் நேராக மாட்டாதீர்கள். நான் அதற்கு மட்டும் தனி செல் ஹோல்டரைப் பின்பலகையில் வைத்திருக்கிறேன். வீட்டில் குழந்தை இருந்தால் அந்த மூடிக்குக் கண்டிப்பாக ஸ்க்ரூ போடுங்கள். பட்டன் செல்லை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

இத்தனை விளக்கு போட்டும் அறை அட்டைப்பெட்டி மாதிரியே இருக்கிறதே?

விளக்கெல்லாம் அறைக்குள்ளேயே இருப்பதால்தான். ஓர் அறைக்கு வெளியே உலகம் இருக்கிறது என்று வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். சிகாகோ கலைக்கூடத்தில் தோர்ன் அம்மையாரின் 68 குட்டி அறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1932 முதல் 1940 வரை அவர் மேற்பார்வையில் கைவினைஞர்கள் செய்தவை. அவற்றின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஜன்னலுக்கு அப்பால் தோட்டம் தெரியும், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் இன்னோர் அறையின் ஓரம் தெரியும். பார்க்கிறவரின் கண் அங்கே போய்த் தேட ஆரம்பிக்கும்.

என் பெட்டியில் ஜன்னலுக்குப் பின்னால் ஓர் அங்குலம் தள்ளி, எதிர்வீட்டுச் சுவர். பாசி படிந்த சுண்ணாம்புச் சுவர், ஒரு மழைத்தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். ஜன்னலின் மேல்பக்கத்தில் மஞ்சள் எல்இடி பட்டை 5 செ.மீ. துண்டு. 12 வோல்ட் பட்டையில் மூன்று எல்இடிக்கு ஒருமுறை கத்தரிக் குறி இருக்கும், அங்கேதான் வெட்ட வேண்டும். ரெசிஸ்டர் அதிலேயே இருக்கிறது. வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, ஜன்னல் கம்பியின் நிழலோடு சமையல் மேடையில் விழும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு இதை மட்டும் எரியவிட்டால் மணி சாயங்காலம் நாலரை.

முன்னால் கண்ணாடியா, அக்ரிலிக்கா?

தொழில்காரனாகச் சொல்கிறேன்: கண்ணாடி. 13 அங்குல அகலத்துக்கு 2 மி.மீ. படக் கண்ணாடியே போதும், கீறல் விழாது, தூசியை இழுக்காது. குழந்தைகள் எட்டும் உயரம் என்றால் 3 மி.மீ. அக்ரிலிக். ஃபெவிக்விக்கை அதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், ஃபெவிக்விக்கின் ஆவி அக்ரிலிக்கில் வெள்ளைப் புகை மாதிரிப் படிந்துவிடும். ஒட்டும் வேலை எல்லாம் முடிந்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

கடல் காற்று ஏதாவது செய்யுமா?

செய்யாமலா! காசிமேட்டுப் பக்கம் சைக்கிள் செயின் என்ன பாடுபடுகிறது என்று தெரியும்தானே. என் காப்பர் டேப் பெட்டி மூன்றாவது வருடம் மூலைகளில் பச்சை பூத்து மினுக் மினுக் என்றது. அதற்குப் பிறகு டேப்பைத் தொடவில்லை. சால்டர் செய்ததும் மிச்ச ஃப்ளக்ஸை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள், அரிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கனெக்டர் ஸ்க்ரூ பித்தளையாக இருக்கட்டும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் போட்டுவையுங்கள்.

ஒரு விளக்கு திடீரென்று எரியவில்லை. எங்கே தேடுவது?

மற்றவை எரிகின்றனவா? எதுவுமே இல்லை என்றால் அடாப்டர், ஃப்யூஸ், சுவிட்ச், இந்த வரிசையில் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் பின்பலகையைக் கழற்றி, அந்த ஜோடியைக் கட்டையிலிருந்து எடுத்து, 3 வோல்ட் பட்டன் செல்லை வயர் முனையில் வைத்துப் பாருங்கள். ரெசிஸ்டரைக் கட்டைக்கு அடாப்டர் பக்கம் வைத்திருந்தால் எல்இடி லேசாக எரியும். எரிந்தால் தப்பு கட்டைப் பக்கம், எரியாவிட்டால் எல்இடி அல்லது எனாமல் வயர். மூன்று வரிசையில் கோர்த்ததில் ஒன்று போனால் மூன்றும் அணையும், அப்போது ஒவ்வொன்றாகச் செல்லை வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

சாமான் எல்லாம் எங்கே கிடைக்கும்?

எல்இடி, ரெசிஸ்டர், மோட்டார், ஜாக் எல்லாம் ரிச்சி தெரு. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும். பேப்பர், அட்டைக்கு ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரும் தங்க விளிம்பு, சாமி படத்துக்கு ஃப்ரேம் ஆகும். துணிக்கு மொத்தக் கடையில் போய் நிற்காதீர்கள், உங்கள் தெரு டெய்லரிடம் வெட்டுத்துண்டு கேளுங்கள். காட்டன் புடவைக் கரைதான் வேண்டும், சிந்தெடிக் இந்த அளவில் தொங்கவே தொங்காது, விறைத்து நிற்கும். மற்றபடி வீட்டுக் குப்பையைக் கிளறுங்கள்: பேஸ்ட் மூடி பக்கெட் ஆகும், ஊசி மருந்துக் குப்பியின் அலுமினிய மூடி தட்டு ஆகும்.

கொலுவுக்கு ஒன்பது நாளும் எரியவிடலாமா?

சாயங்காலம் ஏற்றி, படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். என் பெட்டியில் விளக்கும் ஃபேனும் சேர்ந்து 0.3 ஆம்பியரைத் தாண்டுவதில்லை, 1 ஆம்பியர் அடாப்டர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. கை வைக்க முடியாத சூடு என்றால் ஏதோ தப்பு, உடனே கழற்றுங்கள்.

உள்ளே ஆள் பொம்மையே இல்லையே, ஏன்?

முதலில் ஒரு பாட்டி பொம்மை வைத்துப் பார்த்தேன். எல்லோரும் பொம்மையைப் பார்த்தார்கள், அறையை யாரும் பார்க்கவில்லை. எடுத்துவிட்டேன். இப்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, முறத்தில் அரிசி பாதி புடைத்தபடி கிடக்கிறது. சுவரோரம் தரையில் ஆறு வட்டத் தடம், குடம் நாலுதான். போன மாதம் ஓர் அம்மா ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, “லாரி வந்துடுச்சா?” என்று கேட்டார்.